உழைப்பின் மதிப்பும் உழைப்போர் மாண்பும்

வேலை நிலைக்குமா என்னும் அச்சம் இன்று பல இல்லங்களில் குடியிருக்கிறது. திருப்பூரையே எண்ணிப் பார்ப்போம். 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2020-இல் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய ஆடைகள்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. ஒவ்வொரு முறையும் பனியன் தொழிலாளர் கலங்கினர். இவற்றுள் எதுவும் அவர்தம் பிழையன்று.

அங்கிருந்து திருவிழாவுக்கு வரும் நம் மக்களிடம் நாம் கேட்டறிந்தது ஒன்றுண்டு. ஆர்டர் குறையும்போது, ஓவர்லாக் மட்டும் தைப்பவரைவிட பேட்லாக்கும் அறிந்தவருக்கே வேலை நீடிக்கிறது. ஆகவே பக்கத்து இயந்திரத்தையும் கற்போம். பிசகிய தையலை மறைக்காது உடனே சொல்வோம். நூறு துணிகள் வீணான பின் செக்கிங்கில் பிடிபடுவதைவிட, முதல் துணியிலேயே நிறுத்துவது நன்று. 'சொல்லித் தந்தால் நம் இடம் போய்விடும்' என்போர் உளர். ஆயினும் நால்வரைப் பழக்கத் தெரிந்தவரையன்றோ மேற்பார்வைக்குத் தேடுவர்!

இத்தனை செய்தும் வேலை போகலாம். சம்பளச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கு எண் ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துவோம். நிறுவனம் தரும் ஊதியம் நம் திறமைக்கு உரியது. நம் மாண்போ அதனால் வந்ததன்று. 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்புக்கு மேலாக உழைப்பவரையே வைத்தார். எனவே வேலையிழந்த ஒருவரைக் கோயில் வாசலில் கண்டால், "இன்னும் கிடைக்கவில்லையா?" என வினவாது, தெரிந்த இடத்தில் அவருக்காக ஒரு சொல் சொல்வோம்.