ஒன்றும் தென்படாத இரவு

தென்மேற்குப் பருவமழையில் ஆனைமலையின் வால்பாறைப் பக்கத்துச் சோலைக்காடுகளில் தவளை தேடுபவர்களுக்குப் பகல் முழுக்க ஆயத்த வேலைதான். உடுப்பு, பை, நோட்டு என எதைத் தொட்டாலும் ஈரம். விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிடுவோம். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் காட்டில் பென்சிலால்தான் எழுதுவது. முந்தைய இரவு கிறுக்கியதைக் காலையிலேயே கட்டன் டீயோடு உட்கார்ந்து படியெடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழிந்தால் எந்தக் கிளை, எந்த ஓடை என்பதெல்லாம் மனத்தில் கலங்கிவிடும்.

மாலையில் அட்டைக்கான ஏற்பாடு. முழங்கால்வரை வரும் துணிக் காலுறைக்குள் கால்சட்டையைத் திணித்து, புகையிலைத்தூள் குழைத்த எண்ணெயை மேலே தடவிக்கொள்வோம். அதையும் மீறி ஏறுபவை ஏறும். பழகிவிடுகிறது.

இருட்டியதும் ஓடையோரம் நடக்கிறோம். குறித்த தூரம், குறித்த நேரம், எல்லா இரவிலும் ஒரே நிதானம். அப்போதுதான் ஓர் இரவை இன்னோர் இரவோடு ஒப்பிட முடியும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் இலையின் மேற்புறம், அடிப்புறம், பட்டையின் வெடிப்பு என்று கண் ஊர்ந்துகொண்டே போகும். தவளை அகப்பட்டால் ஈரமான பாலிதீன் பையில் சற்று நேரம் வைத்து, மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து, சிறு ஸ்பிரிங் தராசில் எடை பார்த்து, இருந்த இலையிலேயே விட்டுவிடுவோம். வனத்துறை அனுமதி இல்லாமல் இதில் எதையும் செய்யக்கூடாது. அடுத்த ஓடைக்குப் போகுமுன் காலணியைக் கிருமிநாசினியில் கழுவிக் காயவைப்பது கட்டாயம். பல நாடுகளில் தவளை இனங்களையே அழித்த கைட்ரிட் பூஞ்சை, காலணியில் ஒட்டிய ஈரச் சேற்றோடு பயணம் செய்யக்கூடியது.

எங்களோடு வரும் வாச்சர் காடர் இனத்தவர். நான் விளக்கை வீசி வீசித் தேடும்போது அவர் நின்றுவிடுவார்.

“சார், லைட்ட அணைங்க. கொஞ்ச நேரம் காத மட்டும் தொறந்து வைங்க.”

“என்னண்ணே கேக்குது?”

“அந்தா, ஈத்தைக்குள்ள ஒண்ணு கத்துது பாருங்க.”

இருட்டில் நிற்க நிற்க ஒவ்வொரு குரலாகப் பிரிந்து வரும். புதர்த்தவளைகள் பலவும் கட்டைவிரல் நகத்தளவுதான். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலையிலோ சருகிலோ இட்ட முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்து வெளியே வரும். குளம் வேண்டாம், ஆனால் காற்றில் ஈரம் குறையக்கூடாது. மரங்களை வெட்டிச் சோலைக்குள் வெயில் இறங்கினால் அந்த முட்டை காய்ந்து போகும். பச்சை உடம்பில் கறுப்பு வலைக்கோடுகள் ஓடும் ஒரு பறக்கும் தவளையும் இங்கே உண்டு. அது நீருக்கு மேலே தொங்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டும். பொரிந்து வரும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். இதே ஆனைமலையில் கிடைத்த அந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வந்ததே 2000-இல்தான்.

சில இரவுகளில் எதுவுமே தென்படாது. புதிதாக வந்த மாணவர்கள் அன்றைக்கு நோட்டைத் திறக்கத் தயங்குவார்கள். அந்தப் பக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கோஸ்டா ரிகாவின் மான்டிவெர்டே மலையில் பொன்னிறத் தேரை ஒன்று இருந்தது. 1987-இல் இனப்பெருக்கக் குட்டைகளில் 1,500-க்கு மேல் எண்ணினார்கள். அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணுமளவு. 1989-இல் ஒன்றே ஒன்று. அதன்பின் யாரும் பார்க்கவில்லை. மார்ட்டி கிரம்ப் போன்ற ஆய்வாளர்கள் வெறுங்குட்டையின் கரையிலும் பொறுமையாக உட்கார்ந்து குறித்து வைத்ததால்தான் அந்த இழப்பின் வேகம் உலகுக்குத் தெரிந்தது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலைமை இன்னும் கடினம். 2014-இல் மட்டும் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் 14 நடனத்தவளை இனங்களுக்குப் புதிதாகப் பெயர் சூட்டினார்கள். ஓடைப் பாறையில் நின்று பின்னங்காலை நீட்டிச் சைகை காட்டும் சின்னஞ்சிறு தவளைகள் அவை. நேற்றுப் பெயர் பெற்ற உயிருக்கு ஐம்பது ஆண்டுப் பழைய கணக்கு எங்கிருந்து வரும்? இன்று நாம் எழுதுவதுதான் நாளைக்குப் பழைய கணக்கு.

காட்டுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, தவளை கிடைக்காத இரவிலும் தேதி, நேரம், வெப்பநிலை, மழை எல்லாவற்றையும் எழுதுங்கள். எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் போடுங்கள். கூடவே, அந்த இருட்டில் உங்களை அழைத்துப் போன வாச்சரின் பெயரையும் எழுதுங்கள். கட்டுரை வெளியாகும்போது அந்தப் பெயர் ஆசிரியர் வரிசையிலேயே இருக்கட்டும்.