ரெண்டு தட்டு ரயில்

பசங்க ரூம் காலியாச்சு. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலைச் சின்னதா செஞ்சு வீட்டுக்குள்ள ஓட்டலாம்னு கணக்குப் போட்டேன்.

நிஜ லைன் 46 கிலோமீட்டர்.
பொம்மை ரயில் அளவுக்கு 87-ல ஒரு பங்கா சுருக்கினாலும் அரை கிலோமீட்டருக்கு மேல வருது.
ஏற்றம் மட்டும் 21 மீட்டருக்கு மேல. ஏழு மாடி!
நம்மகிட்ட இருக்கறது 10-க்கு 11 அடி ரூம்.

சரி, ரெண்டு தட்டு போதும்.
கீழ மேட்டுப்பாளையம், மேல ஊட்டிக்கு முன்னாடி வர்ற குன்னூர். நடுவுல 16 இன்ச்.

கல்லாறு ஸ்டேஷன் தாண்டினா நிஜ வண்டி பல்சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு 12-க்கு 1 ஏறும்.
என் பொம்மை இன்ஜினுக்குப் பல்லே கிடையாது. 50-க்கு 1 தான் அதுக்குச் சுகம்.
அதனால மூலையில முறுக்கு மாதிரி சுத்திச் சுத்தி ஏத்தணும்.
24 இன்ச் ஆரத்துல ஒரு சுத்துக்கு 3 இன்ச்தான் ஏறும். அஞ்சு சுத்துக்கு மேல வேணும்.
நாலரை அடி மூலை அதுக்கே போச்சு.

மேல்தட்டுக்குக் கால் வைக்கவும் முடியாது. கீழ் ஸ்டேஷன் யார்டு நடுவுல தூண் முளைச்சிடும்.
சுவத்துல எல் ஆங்கிள், ஆங்கர் போல்ட், 12 மி.மீ. பிளைவுட்.
அகலம் ஒரு அடிக்குள்ள. தாண்டினா கீழ் ஸ்டேஷன் இருட்டாயிடும்.

வீட்டம்மா பிளானை எட்டிப் பார்த்தாங்க.
"பரண் நல்லாருக்கு. சூட்கேஸ் வைக்கலாம்."

இப்ப சிக்கல் உயரத்துல.
குன்னூரை என் கண் மட்டத்துக்கு வச்சா, அவங்களுக்குப் பிளைவுட் அடிப்பாகம்தான் தெரியும்.
அவங்க மட்டத்துக்கு வச்சா, மேட்டுப்பாளையம் பார்க்க நான் மண்டி போடணும். முட்டி இப்பவே தடதடங்குது.

நீங்களா இருந்தா யார் கண்ணுக்கு வைப்பீங்க?