இருபது வருஷக் கணக்கு

லெப்ரான் ஜேம்ஸ் என்பிஏ கூடைப்பந்துக்கு வந்தது 2003 அக்டோபரில். விக்டர் வெம்பன்யாமா பிறந்ததே 2004 ஜனவரியில்தான். இருந்தும், 'இந்த வயசுல அவர் எத்தனை பாயின்ட், இவர் எத்தனை பிளாக்' என்று இருவரையும் தராசில் வைத்துப் பார்க்காத ரசிகர் குறைவு. நானும் வைப்பேன். அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். வெம்பன்யாமா 26 புள்ளிகள் எடுத்தும் பிரான்ஸ் 87-98 என்று அமெரிக்காவிடம் தோற்றது. 'சின்னப் பையன், இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு' என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறே மாதத்தில் அவருடைய வலது தோள்பட்டை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டதாகச் செய்தி. அந்த சீசன் அத்தோடு முடிந்தது. எனக்கு உடனே கிறிஸ் பாஷ் ஞாபகம் வந்தது. 2003 டிராஃப்டில் லெப்ரான் முதலாவது, பாஷ் நாலாவது. மயாமியில் சேர்ந்து ஆடி இரண்டு கோப்பை வென்றவர்கள். இதே ரத்த உறைவால், 2016 பிப்ரவரிக்குப் பிறகு பாஷ் களமிறங்கவே முடியவில்லை. அப்போது வயது 31.

நல்லவேளை, வெம்பன்யாமா 2025 அக்டோபரில் திரும்பிவிட்டார். லெப்ரான் 40,000 புள்ளிகளைத் தாண்டியதை மட்டும் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். திறமை இருந்த பாஷுக்குக் கிடைக்காத ஒன்றும் அதில் சேர்ந்திருக்கிறது: இருபது வருஷத்துக்கு மேல் கைவிடாமல் கூடவே வந்த உடம்பு. அதை எந்த இளைஞனோடு வைத்து ஒப்பிடுவது?