நேரில் கேட்டேன் என்று எழுதினேன்

1956 டிசம்பர் 4 அன்று மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் கார்ல் பெர்க்கின்ஸ் பாட்டுப் பதிவுக்கு வந்திருந்தார். பியானோ வாசிக்க ஜெர்ரி லீ லூயிஸ் என்ற புதுப் பையன். எல்விஸ் பிரெஸ்லி சும்மா எட்டிப் பார்க்க வந்தார். ஜானி கேஷும் அங்கே இருந்தார். பதிவு வேலை அத்தோடு நின்றது. நால்வரும் பியானோவைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பாட ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவாளர் ஜாக் கிளமென்ட் டேப்பை ஓடவிட்டார். பதிவானதில் தேவாலயப் பாட்டுகளும் நிறைய. அந்த ஒரு நாளை வைத்து எழுதப்பட்ட இசைநாடகம் 'மில்லியன் டாலர் குவார்டெட்'. சிகாகோவின் அப்பல்லோ தியேட்டரில் 2008இல் தொடங்கி 2016 ஜனவரி வரை ஓடியது. 2010இல் பிராட்வேக்கும் போனது. அங்கே ஜெர்ரி லீ லூயிஸாக நடித்த லெவி கிரைஸுக்கு டோனி விருது கிடைத்தது.

நான் குடியிருந்தது செயின்ட் லூயிஸின் மேற்குப் புறநகர் ஒன்றில். சிகாகோ அங்கிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர். அந்த நாடகத்துக்காகவே அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவேன். அப்படிப் போனதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆரம்பகால ராக் அண்ட் ரோலின் ரசிகர்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமென்றால் அதுபோன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பதி, கடைசிப் பாட்டுகள் வரும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழுந்து நிற்பார்கள். 1956இல் அவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும். பக்கத்திலேயே அவர்கள் பேரன் வயதுப் பிள்ளைகளும் ஒரு வரி தப்பாமல் கூடவே பாடுவார்கள். மேடையில் இருக்கும் நால்வரும் வாயசைப்பவர்கள் அல்லர். கிட்டாரும் பியானோவும் அவர்களே வாசித்து அவர்களே பாட வேண்டும். இந்த வகை நாடகங்களை ஏளனமாகப் பேசும் இசை விமர்சகர்களை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. பட்டி ஹாலி 22 வயதில், 1959 பிப்ரவரி 3 அன்று, அயோவாவில் விமானம் விழுந்து செத்துப்போனார். அவரை நேரில் பார்க்க யாருக்கும் வழியில்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'பட்டி' நாடகம் லண்டனில் 1989 முதல் 2002 வரை ஓடியதென்றால், அத்தனை ஆண்டுகளும் அந்த ஏக்கம் மக்களுக்குத் தீரவில்லை என்றுதான் பொருள்.

நான் சொல்ல வந்த குற்றம் வேறு.

மெம்பிஸில் அன்று நால்வரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடிப் பார்த்த பாட்டுகளில் ஒன்று 'பிரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்'. அந்த ஆண்டுதான் அது வெளிவந்திருந்தது. எழுதியவர், பாடியவர் சக் பெரி. அந்த நாடகத்திலும் அது வருகிறது. நான் சிகாகோவில் உட்கார்ந்து அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதை எழுதிய மனிதர் என் ஊரில், என் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில், மாதம் ஒரு புதன்கிழமை மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தார். டெல்மார் சாலையில் 'புளூபெர்ரி ஹில்' என்றொரு உணவகம். அதன் கீழ்த்தளத்தில் 'டக் ரூம்' என்ற கூடம். கிட்டாரோடு குந்தியபடி ஒற்றைக்காலை நீட்டி அவர் தத்தித் தத்திப் போவாரே, அந்த நடையின் பெயரைத்தான் கூடத்துக்கு வைத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர்தான் கொள்ளும். 1996இல் தொடங்கி 2014 வரை இருநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். மகன் கிட்டார், மகள் ஹார்மோனிகா. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானம் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

சக் பெரி யார் என்று தெரியாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். 1952 ஆண்டுக் கடைசி இரவில் ஜானி ஜான்சன் என்ற பியானோக்காரரின் குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடத்தில் வாசிக்க வந்தவர் பெரி. கறுப்பர்களின் புளூஸையும் வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டையும் கலந்து பாடினார். மடி வாட்டர்ஸ் சொல்லித்தான் சிகாகோவின் செஸ் கம்பெனிக்குப் போனார். 1955 மே மாதம் அங்கே 'மேபலின்' பதிவானது. அது வெளிவந்தபோது எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் பாட்டை வானொலியில் போடும் ஆலன் ஃபிரீட். பாட்டில் ஒரு சொல்கூட அவருடையதல்ல. 'ஜானி பி. கூட்' 1958. அதன் தொடக்கத்தில் வரும் கிட்டார் வாசிப்பை, லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் 1946இல் வாசித்ததிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்று பெரியே சொல்லியிருக்கிறார். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் பூமியின் இசை என்று அனுப்பிய தங்கத் தட்டில் பாக், பீத்தோவன், நம் கேசர்பாய் கேர்கர் ஆகியோரோடு அந்தப் பாட்டும் இருக்கிறது. இதையெல்லாம் எங்கள் தமிழ் நண்பர்கள் கூடும் வீடுகளில் நான் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் என்னை அந்த இசையில் அதாரிட்டி என்றே நினைத்தார்கள்.

ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, வரிகள் மறந்துபோகின்றன, கிட்டார் சுதி சேரவில்லை என்று போய்வந்தவர்கள் சிலர் சொன்னார்கள். 2011 புத்தாண்டு நாளில் சிகாகோ மேடையில் களைத்துச் சாய்ந்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது. முப்பது வயதுச் சக் பெரி என் மனத்தில் அப்படியே இருக்கட்டும், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். சென்னையில் படித்த காலத்தில் செம்மங்குடி சீனிவாச ஐயரை அவருடைய எண்பதைத் தாண்டிய வயதில் கேட்டிருக்கிறேன். குரல் காய்ந்து, மேலே போகாமல் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு பிடி விழும். சபையே நிமிர்ந்து உட்காரும். முதுமையில் கேட்க என்ன இருக்கிறது என்று அங்கே நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிழவர் பாட்டை எப்படிக் கேட்பது என்பதை எனக்குக் கற்றுத்தந்த ஊரிலிருந்துதான் வந்தேன். அந்தக் காதை டக் ரூமுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான காரணம் சாலை.

செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு டெல்மார் என்றால் ஒரு கோடு. அதற்கு வடக்கே பெரும்பாலும் கறுப்பர்கள், தெற்கே பெரும்பாலும் வெள்ளையர்கள். வீட்டு விலையும் பள்ளிக்கூடமும் வங்கிக் கடனும் அந்தக் கோட்டில் மாறும். கறுப்பருக்கு வீடு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலத்தின் மிச்சம் அது. அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கே இந்த ஊரில் கிளம்பியதுதான். நான் வந்திறங்கிய முதல் வாரமே நம்மவர் ஒருவர் காரில் வைத்துச் சொன்னார்: "டெல்மார் பக்கம் ராத்திரியில போயிடாதீங்க சார்." யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஏன் என்று கேட்கவில்லை. பிறகு வந்தவர்களுக்கு அதையே நானும் சொன்னேன். புளூபெர்ரி ஹில் இருக்கும் பகுதி சினிமா தியேட்டரும் புத்தகக் கடையும் கல்லூரிப் பிள்ளைகளுமாக அப்போது இரவு வெகுநேரம் கலகலவென்று இருந்த இடம். அதைக்கூட நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வசதி எனக்கு அமெரிக்காவில் வந்ததல்ல. எங்கள் ஊரில் பறை அடிப்பவர்கள் குடியிருந்த தெரு ஒன்று உண்டு. சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் வந்து அடிக்க வேண்டும். அந்த அடி காதில் விழுந்தால் சின்னப் பையனான எனக்கு உடம்பு தானாக ஆடும். அந்தத் தெருவுக்குள் மட்டும் போகக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். நான் போனதில்லை. பாட்டு வேண்டும், பாடுகிறவன் இருக்கும் தெரு வேண்டாம் என்ற பழக்கம் அங்கேயே என் உடம்பில் ஏறிவிட்டது. சக் பெரி பிறந்து வளர்ந்த 'தி வில்' பகுதி டெல்மாருக்கு வடக்கே. அவர் படித்த சம்னர் உயர்நிலைப் பள்ளி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மாணவர்களுக்கென்று ஏற்பட்ட முதல் உயர்நிலைப் பள்ளி. டீனா டர்னரும் ஆர்தர் ஆஷும்கூட அங்கே படித்தவர்கள்தாம். மெம்பிஸுக்குப் போய் எல்விஸ் வீட்டைப் பார்த்து வந்த நான், என் ஊரிலேயே இருந்த இந்தத் தெருக்களுக்குப் போகவில்லை.

2014 அக்டோபரில் டக் ரூம் கச்சேரிகள் நின்றன. அடுத்த ஆண்டு கோடையில், ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கும் மியூனி திறந்தவெளி அரங்கில் 'பட்டி' நாடகம் போட்டார்கள். ஏறத்தாழ 11,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு அது. குடும்பத்தோடு போனேன். அந்த நாடகத்தின் முடிவில் வரும் கச்சேரியில் 'ஜானி பி. கூட்' உண்டு. எல்லோரும் எழுந்து ஆடினார்கள், நானும் ஆடினேன். அதை எழுதியவர் அப்போது உயிரோடு, அதே ஊர்ப்பக்கத்தில்தான் இருந்தார் என்பது என் நினைவில் வரவே இல்லை.

2017 மார்ச் 18 அன்று, வென்ட்ஸ்வில் அருகே இருந்த வீட்டில், 90 வயதில் அவர் இறந்தார். ஏப்ரல் 9 அன்று டெல்மார் சாலையிலுள்ள 'தி பேஜண்ட்' அரங்கில் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். போனேன். சவப்பெட்டி மூடியின் உட்புறத்தில் அவருடைய சிவப்பு கிப்சன் கிட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் வயதான கறுப்பின அம்மாள் ஒருவர் நின்றிருந்தார். சின்ன வயதில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் சக் பெரியைக் கேட்டதைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?" என்றார். இந்தியாவிலிருந்து வந்த ஒருவன் இந்த வரிசையில் நிற்கிறானே என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "நிறையத் தடவை" என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதகம்தான். ஏனென்றால், அதே மாதம் தமிழ் நண்பர்கள் நடத்திய ஆண்டு மலர் ஒன்றுக்குச் சக் பெரிக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். டக் ரூமின் தாழ்ந்த கூரையைப் பற்றி, அவர் மகனைப் பார்த்துத் தலையசைக்கும் விதத்தைப் பற்றி, கண்ணால் பார்த்தவன்போல எழுதினேன். எல்லாம் பிறர் சொல்லக் கேட்டதும் வீடியோவில் பார்த்ததும். "அவரை நான் நேரில் கேட்டிருக்கிறேன்" என்று ஒரு வரியும் அதில் இருக்கிறது. பலர் அந்தக் கட்டுரையைப் பாராட்டினார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள் என்று அவள் தந்தை எனக்கு ஃபோன் செய்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நாடகங்களை நான் இப்போதும் பார்க்கிறேன். அவற்றை நடத்துகிறவர்கள் தங்கள் வேலையை நேர்மையாகச் செய்கிறார்கள். நடிப்பு என்று சொல்லிவிட்டு நடிக்கிறார்கள்.

அந்த மலர் யாரிடமாவது இருந்தால் "நேரில் கேட்டிருக்கிறேன்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.