உல்லையில் நாங்களும் வெளியூர்க்காரர்

கோல்ட் கோஸ்ட், பைரன் பே என்று அவுஸ்திரேலியக் கடற்கரை வீடியோக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுற ஆக்கள் நாங்க. அந்த அவுஸ்திரேலியாக்காரங்க போர்டைத் தூக்கிக்கொண்டு எங்கட அறுகம்பைக்கு வாறாங்க. ஊர்ச்சனத்துக்கு அது உல்லை. கல்முனையில இருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் தாண்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போன லீவுல நாலு பேரும் பஸ் ஏறினோம்.

அங்க யாருக்கும் அவசரமே இல்ல. கடை வாசல்ல போர்டுகள் காயுது, வெயில்ல வெள்ளைக்காரங்க காயுறாங்க. மே முதல் ஒக்டோபர் வரைக்கும் சீசன். மெயின் பொயின்ட்ல மடங்குற அலை கரையோரமா நீளத்துக்கு ஓடுது. வந்தவங்க அதுக்கு மேல. நாங்க அபாயாவைத் தூக்கிப் பிடிச்சு, கணுக்கால் மட்டும் நனைச்சபடி.

கூச்சமும்தான். ஆனா அதைவிடப் பெரிசு பயம். 2004 டிசம்பர் 26 அன்று நாங்க கைக்குழந்தைகள். ஒன்றும் ஞாபகமில்ல. ஆனாலும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகள்ல கடல் என்றாலே உம்மாமாருக்கு ஒரே பேச்சு: "கிட்டப் போகாதீங்க." அந்தப் பயத்தில எங்களுக்கு நீச்சல் பழக்கவும் யாரும் நினைக்கல்ல.

அதே சுனாமி உல்லையையும்தான் அடிச்சது. அங்கத்தப் பெண்கள் 2018இல் சேர்ஃப் கிளப் தொடங்கினாங்க, பெண்களுக்கென்றே இலங்கையில முதலாவது. அதுல பிள்ளை பெற்ற தாய்மாரும் இருக்காங்க.

எங்களுக்கு சேர்ஃபிங் பிறகு பார்க்கலாம். முதல்ல நீச்சல். பெண்பிள்ளைகள் நீந்திப் பழக ஊருக்குள்ள ஒரு இடம், பழக்கித் தர ஒரு பெண். இதைக் கேட்கிறது பெரிய ஆசையா? வேடிக்கை பார்க்க 70 கிலோமீட்டர் போனோம். எங்கட சொந்தக் கடல் வீட்டுல இருந்து நடக்கிற தூரம்தான்.