கோடிக்கரைக்குச் செல்லும் சாலை

வேதாரண்யம் என்று வழங்கும் திருமறைக்காட்டிலிருந்து தெற்கு நோக்கிக் கோடிக்கரை வரையில் செல்லும் சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாது. ஆயினும், நிலம் ஒரு முழம் தாழ்ந்தால் ஓர் உலகமும், ஒரு முழம் உயர்ந்தால் வேறோர் உலகமும் தோன்றுகிற அதிசயத்தை இத்தனை சிறிய தூரத்துக்குள் காட்டும் வழி வேறொன்றை நான் கண்டதில்லை.

கோயில் வீதிகளைக் கடந்ததும் அகஸ்தியம்பள்ளி. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்ததன் ஞாபகார்த்தமாக அங்கே ஒரு ஸ்தூபி நிற்கிறது. கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் பூமியில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து, வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன. அவற்றுக்கு அப்பால், மேற்கே, கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுவெளி. பயிர் பச்சை ஏதும் இல்லையே என்று பிரயாணி அலட்சியமாகத் திரும்பிவிடக்கூடாது. மார்கழி, தை மாதங்களில், வட தேசங்களிலிருந்து வந்த உள்ளான்கள் சேற்றில் சிறுநடை போட, பூநாரைகள் தம் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் காட்சியை அங்கேதான் காணவேண்டும். அப்பட்சிகளின் சிறகில் ஏறும் செவ்வண்ணமும் அந்த உவர்நீர் ஆகாரம் அளித்ததே.

சாலை கோடியக்காட்டை அடைந்ததும் நிலம் சிறிதே உயர்ந்து மணல்மேடாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அம்மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் கலவாமல் மிதந்து நிற்பதால், கடலுக்கு இத்தனை அருகிலும் பாலையும் நாவலும் காயாவும் என்றும் பசுமையாகச் செறிந்து நிற்கின்றன. இறைவனின் தனிமைக்கு இரங்கிச் சுந்தரர் பாடிய குழகர் கோயில் இந்நிழலில்தான் இருக்கிறது. மேடு சரியும் இடங்களில் புல்வெளி. முறுக்கிய கொம்பும் கரிய முதுகுமாக ஆண் வெளிமான் தலை நிமிர்ந்து நிற்க, கொம்பில்லாத பெண்மான்கள் அச்சமின்றி மேய்கின்றன. இவற்றின் பொருட்டு 1967இல் இப்பிரதேசம் சரணாலயமாயிற்று. 2018இல் கஜா புயல் முறித்த விருட்சங்களைக் கண்டு நெஞ்சு பதைத்தது உண்மையே. ஆனால் புயலினும் எனக்கு அச்சம் தருவது, ஓசையின்றி ஆண்டுதோறும் புல்வெளியை விழுங்கிவரும் சீமைக் கருவேலம். காற்று சாய்த்த காடு துளிர்க்கக் கூடும்; புல் இழந்த மான் எங்கே போகும்?

கோடிக்கரையில் சாலை முடிகிறது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மணலில் நடந்தால், வடக்கேயிருந்து நேராக இறங்கிவந்த சோழநாட்டுக் கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புவதைக் காணலாம். கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. ஆடி அமாவாசையன்று ஜனங்கள் நீராடும் அந்தத் திருப்பத்தில், மற்ற நாட்களில், படகை மணலில் ஏற்றிவிட்டு வலையை உதறுகிற மீனவர்களும், அவர்களைச் சுற்றிப் பறக்கும் ஆலாக்களுமே இருக்கிறார்கள்.