பாவாயி என்ன பட்டிக்காட்டுப் பெயரா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் டப்ளினிலிருந்து ஒரு மாணவி பேசினாள். நம் ஜேடர்பாளையத்துப் பிள்ளைதான். அயர்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். யாரென்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உத்திர நட்சத்திரம். பஞ்சாங்கப்படி டே, டோ, ப, பி என்ற எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும். "எங்க அப்பாயி பேரையே வெச்சரலாம்னு இருக்கறேங்கய்யா. ஊட்டுல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டீங்கறாங்க. அப்பாயியே வேண்டாங்குது. நீங்க ஒரு எட்டுப் போயிச் சொன்னாக் கேக்கும்" என்றாள்.

அப்பாயியின் பெயர் பாவாயி.

நம் பக்கத்தில் இந்தப் பெயர் எத்தனை வீட்டில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பரமத்தி வேலூரிலிருந்து திருச்செங்கோடு வரை எந்த ஊருக்குப் போனாலும் வாசலில் நின்று "பாவாயி" என்று கூப்பிட்டால் இரண்டு கிழவிகளாவது திரும்பிப் பார்ப்பார்கள். நான் வேலையில் சேர்ந்த காலத்து வருகைப் பதிவேட்டில் செல்லாயி, நல்லாயி, பொன்னாயி, பாவாயி எல்லாம் வரிசையாக நிற்பார்கள். பிறகு சுமதியும் கவிதாவும் வந்தார்கள். அப்புறம் பிரியா, திவ்யா. நான் ஓய்வு பெறும்போது பதிவேட்டில் ஓர் 'ஆயி' கூட இல்லை. பிள்ளைகளின் பெயரில் ஷ, ஸ், ஹ இல்லாவிட்டால் பெற்றோருக்குத் திருப்தி வருவதில்லை. பொருள் என்ன என்று கேட்டால் "கூகுள்ல பாத்தோம், லட்சுமின்னு போட்டிருந்துச்சு" என்பார்கள். எதைக் கேட்டாலும் லட்சுமிதான்!

சரி, பாவாயிக்கு வருவோம். நான் இதைப் பாவை + ஆயி என்று பிரிக்கிறேன். இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். பாவை என்றால் பொம்மை, சிலை, பெண் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கலாம். இன்னொரு பொருளும் உண்டு, கண்ணின் கருமணியில் தெரியும் சின்ன உருவம். எதிரில் நிற்பவர் கண்ணை உற்றுப் பாருங்கள், உங்கள் உருவம் குட்டிப் பொம்மையாக அதில் தெரியும். அதுதான் பாவை. திருக்குறள் 1123-ல் காதலன் அந்தக் கண்மணிப் பாவையை "பாவாய்" என்று விளித்து, இடத்தைக் காலி செய், என் காதலி இருக்க வேண்டிய இடம் இது என்கிறான். வள்ளுவர் வாயால் அழைக்கப்பட்ட பெயர், ஐயா! மார்கழியில் திருப்பாவை 30, திருவெம்பாவை 20 என்று ஐம்பது பாட்டும் இந்த விளியில்தான் முடிகின்றன. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி வருஷா வருஷம் கூப்பிடும் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கிழவி வெட்கப்படுகிறாள் என்றால் தப்பு எங்கே இருக்கிறது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் கருமணிக்குப் 'பியூபில்' என்று பெயர். லத்தீனில் 'பியூபில்லா' என்றால் சின்னப் பொம்மை, சின்னப் பெண். அவர்களும் கண்ணுக்குள் தெரிந்த குட்டி உருவத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மாணவரைக் குறிக்கும் 'பியூபில்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே என் வகுப்பில் உட்கார்ந்திருந்த நீங்கள் எல்லோருமே ஒரு வகையில் பாவாயிகள்தான், ஆண்பிள்ளைகள் உட்பட.

ஆனால் எனக்குப் பாவை என்றதும் முதலில் ஞாபகம் வருவது நம் கொல்லிமலை. மாவட்டம் பிரிந்தது 1997-ல். அந்த மலையின் பாவைக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வயது. கொல்லிப்பாவை என்ற தெய்வச் சிலையைச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். குறுந்தொகை 89-ல் பரணர் பாடுகிறார். 100-ஆம் பாட்டில் கபிலர், வல்வில் ஓரியின் கொல்லி மலையிலிருக்கும் பாவையைப் போன்றவள் என்று தலைவியைச் சொல்கிறார். (நம் ஊருக்குப் பக்கத்தில் கபிலர்மலை இருக்கிறது. அந்தக் கபிலர்தானா இந்தக் கபிலர் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் ரசித்துக்கொள்ளுங்கள்.) எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது நற்றிணை 201. அதுவும் பரணர் பாட்டு. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், பூமியே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாமல் நிற்பவள் அந்தப் பாவை என்கிறார்.

பாவாயி என்ற பெயர் கொல்லிப்பாவையிலிருந்துதான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சங்க இலக்கியத்தில் கட்டிப்போடும் ஆசை தமிழாசிரியர்களுக்கு எப்போதும் உண்டு. அது எனக்கும் உண்டு என்பதால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கிறேன். ஆனால் பாவை குடியிருந்த மலையின் அடிவாரத்துச் சீமையில் இத்தனை பாவாயிகள் இருந்தார்கள் என்பது எனக்குப் போதும்.

இந்தத் தயாரிப்போடுதான் அந்தப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். ராஜா வாய்க்கால் கரையோரம் வீடு. எண்பதைத் தாண்டிய வயது. வெற்றிலைக் கொடிக்காலிலும் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாயிலும் வேலை செய்து மகனை வளர்த்து, மகன் போன பிறகு பேத்தியையும் வளர்த்து நர்சிங் படிக்க வைத்தவர். "வாங்க வாத்தியாரய்யா" என்று கட்டிலைத் தட்டிப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது கெடக்குதுங்க, வெவரமில்லாத புள்ள. எம் பேரு எதுக்குங்க? சீமையில பொறந்த கொழந்தைக்கு இந்தப் பேர வெச்சா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

யார் சிரித்தார்கள் என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். பணம் எடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், இளவட்டம் ஒருவர் பெயரை உரக்கப் படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தாராம். "பாட்டி, வேற நல்ல பேரே கெடைக்கலியா?" என்றாராம். அன்றைக்கு மேல் எங்கே பெயர் கேட்டாலும் தானே வாயைத் திறந்து சொல்வதில்லை, அட்டையை நீட்டிவிடுவாராம். எழுபது எண்பது வருஷம் சுமந்த பெயரை ஒரு நிமிஷச் சிரிப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

கொல்லிப்பாவை கதையைச் சொன்னேன். அசுரர்களை மயக்கி அழிக்கத் தேவர்கள் செய்துவைத்த பாவை என்பார்கள், மலையிலிருக்கும் எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று சொல்வோரும் உண்டு. அந்த அம்மாவுக்குக் கொல்லிமலை புதிதில்லை. ஆடி பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனவர், ஆகாயகங்கையில் குளித்தவர். "அந்த மலையில இருக்கறவளும் பாவாயியாங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். பாவை என்றேன். "அவளுக்கு ஆயி இல்லீங்களா?" என்றார்.

நாற்பது வருஷம் இலக்கணம் நடத்திய எனக்குத் தோன்றாத கேள்வி! பெயரின் பின்பாதிதான் நம் ஊர்க்காரர்கள் சேர்த்த சொத்து. ஆய் என்றால் அம்மா. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவன் தாய் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை மாதிரியே. குறுந்தொகை 40, செம்புலப்பெயல்நீரார் பாட்டில், யாயும் ஞாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். 'தாய்' என்று இன்றைக்கு நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் இந்த ஆய் ஒளிந்திருக்கிறாள். அப்பாயி, அம்மாயி என்று கூப்பிடுகிறோமே, அதிலும் அவள்தான். கையில் ஏந்திய பச்சைக் குழந்தையைப் 'பாவை' என்று கொஞ்சி, அதோடு நிற்காமல் 'ஆயி' என்று மரியாதையும் கொடுத்து, பொம்மையும் நீ, அம்மாவும் நீ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். படிக்காத சனம் வைத்த பெயர் இது.

அயர்லாந்துக் கதையையும் அந்த அம்மாவுக்குச் சொன்னேன், பேத்தி போனில் சொன்னதுதான். அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை நம்மவர் படித்தால் 'நியாம்' என்போம். அவர்கள் சொல்வது 'நீவ்'. ஒளி, பிரகாசம் என்று பொருளாம். ஐரிஷ் பழங்கதையில் மூப்பே இல்லாத நாட்டிலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்து ஒஷீன் என்ற வீரனை அழைத்துப் போகிற பெண்ணின் பெயர் அது. அந்த நாடும் நம்மைப் போல ஆங்கிலேயர் கையில் இருந்ததுதான். பதிவேடுகளில் ஐரிஷ் பெயர்களை ஆங்கிலப் பெயர்களாக மாற்றி எழுதிய காலம் இருந்தது. 1893-ல் கேலிக் லீக் என்ற அமைப்பைத் தொடங்கி மொழியை மீட்கப் பாடுபட்டார்கள். பழைய பெயர்களும் கூடவே திரும்பி வந்தன. இன்றைக்கு வெளிநாட்டார் யாருக்கும் வாயில் நுழையாத எழுத்துக்கூட்டலோடு தைரியமாகப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர்கள் கட்சி. அப்படிப்பட்ட ஊரிலே போய்ப் 'பாவாயி' என்று சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

"அவுங்க ஊரு அம்மாளும் குருதையிலதான் வந்தாளாக்கும்" என்று சிரித்தார். அப்புறம் "பாவைன்னு மட்டும் வெச்சுக்கட்டுமுங்க. ஆயி அப்புறம் வரும், அவ ஒரு புள்ள பெத்தா தானா வரும்" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை. என் இலக்கணத்தைவிட அது நல்ல இலக்கணம்.

பிறப்புச் சான்றிதழில் பாவை என்று பதிந்தாகிவிட்டது. வீட்டில் என்னவோ எல்லோரும் பாவாயி என்றே கூப்பிடுகிறார்களாம்.

இதைக் கேட்ட என் மைத்துனர், "அப்போ குப்பாயிக்கு என்ன பொருள் சொல்வீங்க மாமா?" என்று மடக்கப் பார்த்தார். சொல்கிறேன். பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். மூக்குக் குத்தி மூக்காயி என்று வைத்ததும் அதற்காகத்தான். எமனுக்கு இது வேண்டாத பிள்ளை என்று தோன்றட்டும் என்று. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவன், அதற்கு முன்னால் அந்த வீட்டில் புதைத்த குழந்தைகளை எண்ணிப் பார்க்காதவன். அண்ணன்மார் கதையில் பொன்னர் சங்கர் கட்டிக்கொண்ட பெண்களின் பெயர் என்ன? முத்தாயி, பவளாயி. வீரப்பூர் கூத்தில் அழுதுகொண்டே கேட்கிறோம், வீட்டுக்கு வந்து பேத்திக்கு வேறு பெயர் தேடுகிறோம்.

ராஜா வாய்க்காலை வெட்டிய அல்லாள இளைய நாயகர் பெயர் நமக்குத் தெரியும், நல்லது. அந்தத் தண்ணீரில் நாற்று நட்ட பெண்களின் பெயர் பழைய ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அப்பாயி, அம்மாயி, அவர்களைப் பெற்றவர்கள், தெரிந்தவரை எல்லோருடைய பெயரையும் கீழே எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கே வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 'பாட்டி' என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.